சின்னத் திருத்தம்

"கமிட் குறிப்பை மாத்தி எழுதலாமா மேடம்?"

கேட்டவர் சிகாமணி. நாற்பத்தெட்டு வயதில் கணினி நிரல் எழுத வந்தவர். மேடம் என்றால் பர்வீன். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆனால் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

பர்வீன் திரும்பிப் பார்த்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சிகாமணியின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"மாத்தலாம். என்ன எழுதினீங்க?"

"சின்னத் திருத்தம்னு."

"என்ன செஞ்சீங்க?"

சிகாமணி திரையை அவர் பக்கம் திருப்பினார்.

நிரலில் கை வைத்தால் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிச் சேமிக்க வேண்டும். அதுதான் கமிட் குறிப்பு. அந்த வரியில் "சின்னத் திருத்தம்" என்று இருந்துவிட்டால் அந்த அலுவலகத்தில் ஒருத்தரும் உள்ளே திறந்து பார்ப்பதில்லை. அப்படி ஒரு பழக்கம். பெரிய புத்திசாலிகள்!

"டிரிப்ஸ் பம்ப்ல மருந்து தீரப்போறப்ப அலாரம் அடிக்கும்ல மேடம்... சோதிக்கறப்ப ஓயாம கத்துச்சு. பக்கத்து சீட்டுக்காரங்க திட்டினாங்க. நிறுத்தி வெச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

"இப்ப அது எங்க?"

"காலையில ஒரு ஆஸ்பத்திரில ஏத்திட்டாங்க. ஐசியூல. எட்டு கட்டில். இப்பத்தான் பார்த்தேன்."

பர்வீன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வாடிக்கையாளர் பட்டியலில் அந்த ஐசியூவின் எண்ணைப் பார்த்து அழுத்தினார்.

"பயமா இருக்கு மேடம். ஜெயில்ல போட்டுடுவாங்க. குறிப்பை மட்டும் மாத்திட்டா..."

"மாத்துங்க. இப்பவே."

மறுமுனையில் மணி அடித்தது.

சிகாமணி தட்டினார்: "அலாரம் பகுதி சீரமைக்கப்பட்டது."

"யாருக்கு எழுதறீங்க?"

"விசாரிக்க வர்றவங்களுக்கு."

பர்வீன் அதை அழித்தார்.

"கட்டில் பக்கத்துல நிக்கிற நர்ஸுக்கு எழுதுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சிகாமணி தப்புத் தப்பாய்த் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார்.

"ஐசியூ. சொல்லுங்க."

பர்வீன் போனை அவர் பக்கம் தள்ளினார்.

"படிங்க சார்."

"மருந்து... மருந்து தீர்ந்தா பம்ப்ல அலாரம் அடிக்காது. நான்தான் நிறுத்தினேன். திரும்பப் போடல."

"ஐயோ கடவுளே!"

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம். ஓடும் காலடிகள். "சிஸ்டர், ஆறாம் கட்டில்! சீக்கிரம் வாங்க!" அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

சிகாமணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் திறந்து பார்க்காமத்தான் அனுப்பினேன்" என்றார் பர்வீன் மெதுவாக.

நான்கு நிமிடம். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ, இருக்கீங்களா?" நர்ஸுக்கு மூச்சு வாங்கியது. "ஆறாம் கட்டில்ல மருந்து சுத்தமாத் தீர்ந்துபோச்சு. பிரஷர் இறங்கிடுச்சு. இப்ப மாத்தியாச்சு."

"ஆளு...?"

"இருக்காரு. டாக்டர் பக்கத்துலயே நிக்கிறாரு. யாருங்க பேசறது? பேரைச் சொல்லுங்க."

சிகாமணி போனிலிருந்த சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். பர்வீனைப் பார்த்தார். பர்வீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிகாமணி" என்றார் போனை நோக்கிக் குனிந்து. போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"சிகாமணிங்க. எழுதிக்குங்க."