டி டிரைவுக்குப் பூட்டு

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற அதிசயமணி அண்ணாச்சி கடையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில் உட்காருகிறவர்கள் அண்ணாச்சியோடு நாலு பேர். டி டிரைவில் வைத்த டிசைன்கள் அடிக்கடி காணாமல் போயின.

"எவம்லே கை வச்சது? கண்ணு பொடனியிலயா இருக்கு? நாளைக்குள்ள ஆள் தெரியலைன்னா மூணு பேரும் வீட்டுக்குப் போங்க!" என்று குதித்தார் அண்ணாச்சி. கத்துகிறவர் பக்கம்தான் நியாயம் என்று அவருக்கு நினைப்பு.

டிசைன் போடும் மரியசெல்வி அசரவில்லை. "டி டிரைவை உங்க ஒருத்தருக்கு மட்டும் திறக்கிற மாதிரி பூட்டிருதேன் அண்ணாச்சி. நாங்க ஈ டிரைவுல வேலை பாத்துக்கிடுதோம். அப்புறமும் காணாமப் போனா, கை வச்ச ஆளை இதே மாதிரி எல்லார் முன்னாடியும் திட்டணும். சம்மதமா?"

"திட்டாம விடுவனா?"

கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டு, அண்ணாச்சி பெயருக்கு மட்டும் திறக்கிற மாதிரி டி டிரைவைப் பூட்டினாள்.

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி அலறினார். "கல்யாண ஃபோல்டரைக் காணோம்!"

"உள்ள போக முடிஞ்சது ஒரே ஆளுதான் அண்ணாச்சி," என்றாள் மரியசெல்வி.

தேடினால், காதுகுத்து ஃபோல்டருக்குள் கல்யாணம் கிடந்தது. மவுஸை மாவு பிசைகிற மாதிரி அழுத்தி, இழுத்துப் போட்டிருந்தார் மனுஷன்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஏலே அதிசயமணி! கண்ணு பொடனியிலயா இருக்கு? வீட்டுக்குப் போலே!"

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினார். "எல்லாருக்கும் வடை வாங்கியாறேன். அதுக்குள்ள எனக்கும் ஒரு பூட்டுப் போட்டிரு, தாயி. பாக்க மட்டும் விடு, தொட விடாத."