ஊர்வலம் போன சொட்டை

அந்தக் காலத்திலே கொன்றைநாட்டைக் கனகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும்.

திருவிழா யானை நின்று மிதித்ததில் அரண்மனை வாசல் புல்வெளியில் பாய் அகலத்துக்குச் சொட்டை விழுந்துவிட்டது. அடுத்த மாதம் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருகிறார். கனகமாறனுக்குப் பொறுக்கவில்லை.

மந்திரி ஏகாம்பரனார் விதைக்கூடையோடு வந்தார். "மண்ணைக் கிளறித் தூவுவோம், மகாராஜா. தினமும் தண்ணீர் தெளித்து, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் விருந்தாளி வருவதற்குள் பச்சையாகிவிடும்."

மந்திரி ஆசனத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த தளவாய் உருத்திரப்பர் சிரித்தார். "அதுவரை மகாராஜா மண்ணையா பார்த்துக்கொண்டிருப்பார்? நாளைக் காலையிலேயே புல் இருக்கும். இருந்தால் மந்திரி பதவி எனக்கு!"

"சபாஷ்! விருந்து நாள்வரை அந்தச் சொட்டை மறுபடி என் கண்ணில் படாவிட்டால் பதவி உமக்கே" என்றார் ராஜா.

தளவாயின் அவசரம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஏகாம்பரனாருக்குத் தெரியும். ஒரு பிடி விதையை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் வாசலெல்லாம் பச்சை. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

விருந்து நாளில் தளவாய் புதுப்பட்டு உடுத்தி மந்திரி ஆசனத்தின் முன் வந்து நின்றார். மந்திரி நிதானமாக எழுந்தார். "உட்காருங்கள், தளவாயாரே. ஆனால் மகாராஜா, தொலைந்த சொட்டை எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டாமா? முதலில் ராணியம்மாவைக் கேளுங்கள்."

விருந்தாளி ராஜாவும் ஆவலோடு கூடவே கிளம்பிவிட்டார்.

"தளவாய் என் நந்தவனத்துப் புல்லைத்தான் பெயர்த்து வாசலில் ஒட்டினார்!" என்றாள் ராணி. "நான் போட்ட சத்தத்தில் யானைக்கொட்டில் புல்லைக் கொண்டுவந்து அடைத்தார்."

கொட்டிலில் பாகன் கும்பிட்டான். "ஆமாங்க சாமி. உங்ககிட்டயே வந்து சொல்லிடுவேன்னேன். உடனே அவுக வீட்டு வாசல்ல இருந்து பேத்துக் குடுத்துட்டாருங்க."

எல்லாரும் தளவாய் வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் வெறும் மண். அவர் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "வாங்க மகாராஜா! எங்க கன்னுக்குட்டி மேய ஒரு புல் இருக்கான்னு பாருங்க!"

விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகமாறனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சொட்டையை மூடச் சொன்னால் ஊர்வலம் விட்டிருக்கிறீரே! அன்றைக்கே விதை போட்டிருந்தால் இன்று எங்கேயுமே சொட்டை இருந்திருக்காது. என் புத்தியும் அன்று மேயத்தான் போயிருந்தது."

தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். பிறகு தளவாய் பக்கம் திரும்பினார். "சொட்டை மறுபடி என் கண்ணில் பட்டுவிட்டது, பதவி உமக்கில்லை. மண்வெட்டியை எடும். நீரே கிளறி, நீரே தண்ணீர் தெளிக்க வேண்டும்."

உருத்திரப்பர் தலை நிமிரவில்லை. "விதைக்கு எங்கே போவேன், மகாராஜா?"

ஏகாம்பரனார் மடியை அவிழ்த்தார். "உங்களுக்கென்று அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன்."