ஆள்காட்டிக்குக் கொடுத்த மருதாணி

ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தது. அதற்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நாலடி ஓடும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். காய்ந்த இலை புரண்டால் கத்தும். மேகத்தின் நிழல் நகர்ந்தால் கத்தும். ஒன்றும் அசையாவிட்டால், ஏன் ஒன்றும் அசையவில்லை என்று கத்தும்.

சற்றுத் தள்ளி, பூத்துக் குலுங்கும் ஒரு மருதாணிப் புதர். அதனடியில் ஒரு முயல் குட்டி போட்டிருந்தது. குருவி கத்தும்போதெல்லாம் குட்டிகள் விழித்துக்கொண்டு பால் கேட்கும். தாய்க்குத் தூக்கமில்லாமல் கண் எரிந்தது.

அது சாதாரண முயல் அல்ல. மருதாணியின் அடியில் குடியிருந்ததால் தன்னை வைத்தியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. (புத்தகக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் சிலருக்கும் இந்த மாதிரி நினைப்பு உண்டு.)

ஒரு சாயங்காலம் முயல் குருவியிடம் போனது.

"அக்கா, நீ கடைசியாக எப்போது தூங்கினாய்?"

"தூங்குவதா? அங்கே என்ன சலசலப்பு?"

"அது ஆமை. நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் கிடக்கிறது. உனக்கு வந்திருப்பது பித்தம். பித்தம் தலைக்கேறினால் படபடப்பு வரும், தூக்கம் போகும். மருதாணிப் பூவைத் தலைமாட்டில் வைத்துப் படு. வைத்திய நூல்களில் இதற்கு ஐவணம் என்று பெயர். இலையை அரைத்துப் போட்டால் கால் எரிச்சல் தணியும், நகச்சுற்று ஆறும், புண்ணுக்கும்..."

"எனக்கு நகச்சுற்று இல்லையே."

"வந்தால் என்று சொன்னேன்."

ஆமை கழுத்தை நீட்டியது. "வைத்தியரம்மா, நோய் அவளுக்கா, உனக்கா? தூக்கம் வரவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லையே."

"நீ ஓட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறவன். உனக்கென்ன தெரியும்?"

முயல் பூங்கொத்துகளைக் கவ்விக்கொண்டு வந்து முட்டைகளைச் சுற்றிப் பரப்பியது. மாலைக் காற்றில் வாசனை ஏறியது. குருவி ஒரு கொட்டாவி விட்டது. பிறகு தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிப்போனது.

கரை அமைதியானது. குட்டிகளும் தூங்கின. முயலால் மட்டும் தூங்க முடியவில்லை. ஓர் இலை புரண்டது, யாரும் கத்தவில்லை. காற்றா? வேறு ஏதாவதா? முயல் காதை நிமிர்த்தியது, திருப்பியது, மடக்கியது, மறுபடி நிமிர்த்தியது. இத்தனை நாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை வேறொருத்தி பார்த்துவந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னும் முழுக்க இருட்டவில்லை. புதரை ஒட்டி ஒரு நரி நின்றது.

"இன்றைக்குக் கரையே அமைதியாக இருக்கிறதே," என்றது நரி. "யார் செய்த புண்ணியம்?"

நரியின் பார்வை குட்டிகள் பக்கம் திரும்புமுன் முயல் வெளியே பாய்ந்தது. நரி அதன் காதைக் கவ்வியது. காதின் நுனி கிழிய, முயல் உருவிக்கொண்டு நேராகக் குருவியிடம் ஓடியது. பூவையெல்லாம் பின்னங்காலால் உதைத்துத் தள்ளியது.

"அக்கா, எழுந்திரு. கத்து."

குருவி ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "நீதானே தூங்கச் சொன்னாய்?"

"தெரியாமல் சொல்லிவிட்டேன். கத்து, தாயே!"

அப்போதுதான் குருவி நரியைப் பார்த்தது. ஏரி அதிரக் கத்திக்கொண்டு எழும்பி, அதன் கண்ணுக்கு நேராகப் பாய்ந்தது. கொக்குகள் பறந்தன. சேற்றில் கிடந்த காட்டுப்பன்றிகள் உறுமிக்கொண்டு எழுந்தன. எல்லோரும் விழித்துவிட்ட கரையில் நரிக்கு வேலை இல்லை. அது வந்த வழியே போயிற்று.

மறுநாள் முயல் மருதாணி இலையை மென்று காயத்தில் அப்பிக்கொண்டது. காயம் ஆறத் தொடங்கியது. வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் காது செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டது ஆமை.

எங்கோ ஓர் இலை புரள, குருவி கத்தியது. குட்டிகள் விழித்துப் பால் கேட்டன. முயல் கொடுத்தது. அந்தக் கத்தலுக்கு நடுவிலேயே அதற்குக் கண் சொருகியது.

மற்றவரின் விழிப்பு நமக்குத் தொந்தரவாக இருக்கிறது என்பதற்காக, அதை நோய் என்று சொல்லி மருந்து கொடுக்கக் கூடாது.