மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஓம் குறியும்

குருவுக்கு வயது இருபத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு பெனாசிர், வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருப்பவள். சீடர் தேவசகாயம், அவளிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வரும் பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர். ஐந்து வருடத்துக்கு முன் இதே பெனாசிரை மாதத் தேர்வில் ஃபெயில் ஆக்கியவர். இரண்டு பேருமே அதை மறக்கவில்லை. மறந்த மாதிரி நடிக்கவும் இல்லை.

மறுநாள் காலை மூன்று பள்ளிகளில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குத் தேர்வு. கேள்வித்தாளைத் தேவசகாயம்தான் தட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் தன் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளும். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் மேக், ஒன்றில் லினக்ஸ். கேள்வியில் தப்பு வந்தால் மார்க் போவது பிள்ளைகளுக்கு.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க சார்.”

“மின்தடைக்கு ஓம் குறி போடணும். விண்டோஸ்ல ஆல்ட்டை அமுக்கிக்கிட்டு 234. மேக்ல ஆப்ஷனும் Z-ம். லினக்ஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், U, அப்புறம் 03a9, என்டர். மூணையும் பஸ்ஸுல ஜெபம் மாதிரி சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் எந்திரிச்சுப் போயிட்டாரு. இதுல எதும்மா சரியான வழி?”

“முதல்ல தட்டி முடிங்க சார். சொல்றேன்.”

கடையில் மூன்று வகைக் கம்ப்யூட்டரும் இருந்தன. விண்டோஸில் உட்கார்ந்து தட்டினார். இரண்டாம் பக்கம் வருவதற்குள் பொறுமை போய்விட்டது. அவரே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். W தட்ட வேண்டியது. அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் ஃபான்ட்டை மாற்ற வேண்டியது. திரையில் Ω. எந்த நம்பரும் ஞாபகம் வைக்க வேண்டாம்.

“மூணு வழியும் வேண்டாம்மா. நாலாவது வழி கண்டுபிடிச்சாச்சு!”

பெனாசிர் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து மூலையில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“பதினேழாவது கணக்கைப் போடுங்க.”

“நான் எழுதின கணக்கை நானே போடணுமா? எனக்கே பரீட்சையா?”

“ஆமா சார்.”

அவர் சத்தமாக வாசித்தார். “‘40 W கம்பிச்சுருளில் 2 A மின்னோட்டம் பாய்கிறது. மின்னழுத்த வேறுபாடு என்ன?’ திறனை மின்னோட்டத்தால வகுத்தா இருபது வோல்ட். இதுக்குப் பேனாவே வேண்டாம்.”

பெனாசிர் அவர் எழுதிக் கொண்டுவந்திருந்த விடைக்குறிப்பைப் பார்த்தாள். “எண்பதுன்னு இருக்கே சார்.”

“தப்பு. எந்த மடையன் எழுதினான்?”

“உங்க கையெழுத்து சார்.”

பிடுங்கிப் பார்த்தார். நாற்பதை இரண்டால் பெருக்கினால் எண்பது. சரிதான். பிரிண்டை மறுபடி பார்த்தார். ஓம் இருக்க வேண்டிய இடத்தில் திறனைக் குறிக்கும் W, வாட்.

“W எங்கிருந்தும்மா வந்துச்சு?”

“நீங்க தட்டினதே W தான சார். இந்த கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இல்ல. வேஷம் கலைஞ்சுபோச்சு.”

“அப்போ நான்...”

“ஃபெயில் சார்.”

தேவசகாயம் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பெனாசிருக்கும் அடக்க முடியவில்லை.

கேள்வித்தாளில் மொத்தம் இருபத்து மூன்று W. ஒவ்வொன்றையும் அழித்தார். ஆல்ட்டை அமுக்கி 234 தட்டும்போதெல்லாம் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரி “ஓம்!” என்று கத்தினார். ஃபைலை மூன்று கம்ப்யூட்டரிலும் திறந்தார்கள். மூன்றிலும் நாற்பது ஓம். மூன்றிலும் அவர் பதினேழாவது கணக்கைப் போட்டார். மூன்று தடவையும் எண்பது.

ஃபைலை அனுப்பிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“நீ இன்னும் பதிலே சொல்லலியே பிள்ளை. எதுதான் சரியான வழி?”

“எது வேணாலும் சார். தட்டி முடிச்சதும் எந்திரிச்சுப் போய், பிள்ளைங்க பெஞ்சுல உக்காந்து, அவங்க கையில வர்ற தாளைப் பார்த்து கணக்கைப் போட்டுருங்க.”