நவம்பர் தாள்

காலண்டரில் நவம்பர் தாள் வந்ததோடு செசிலியாவிடம் ஆட்கள் வருவது நின்றுபோயிற்று.

செசிலியா ஒரு தீவில் பிரசவம் பார்க்கிற மருத்துவமாது. ஊருக்கு அவர் 'மிசி'. யாழ்ப்பாணத்திலிருந்து படகில் போகவேண்டிய சின்னத் தீவு. காலண்டர் வந்தது கடலுக்கு இந்தப் பக்கம், இந்தியாவில் ஒரு மலைமேல் இருக்கிற பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையத்திலிருந்து. பல தேசத்து நர்சுகள் அங்கே வந்து படித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் ஊருக்கெல்லாம் வருஷா வருஷம் காலண்டர் போகும். மாதத்துக்கு ஒரு முகம். முகத்துக்குக் கீழே ஒரு வரி.

நவம்பரில் செசிலியாவின் முகம். கீழே: "இத்தனை வருடம் இருட்டில் வேலை செய்தேன். பயிற்சி என் கண்ணைத் திறந்தது."

எழுதியவர் கோமதிநாயகம். பத்திரிகையில் தலை நரைத்து, ஐம்பதுக்கு மேல் நிலையத்தின் தகவல் தொடர்புப் பிரிவுக்கு வந்தவர். அங்கே அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சுபைதா. வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

செசிலியா போனில் கூப்பிட்டார்.

"கோபமில்லை சேர். சனம் வரேல்லை, அதைத்தான் சொல்லுறன். கர்ப்பிணியள் என்ர வாசலைத் தாண்டிப் போட்டிலை ஏறி யாழ்ப்பாணம் போகினம். வாடைக்காத்துத் துவங்குது. நடுக்கடலிலை வலி எடுத்தா அங்கை ஆர் இருக்கினம்?"

கோமதிநாயகம் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற சுபைதாவைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்தது.

"நான் எழுதினதுல என்ன மேடம் பொய்? நிறையப் படிச்சேன்னு அவங்களே சொன்னாங்க. எல்லாரையும் இப்படித்தானே எழுதறோம்?"

அது உண்மை. முதலில் இருட்டு, நடுவில் பயிற்சி, கடைசியில் வெளிச்சம். அந்த அலுவலகத்தில் எந்தத் தேசத்து ஆளையும் அந்த அச்சில்தான் வார்ப்பார்கள்.

சுபைதா கேமராவை எடுத்தார்.

"அசையாம நில்லுங்க சார்."

மறுநாள் கேன்டீன் சுவரில் கோமதிநாயகத்தின் முகம் தொங்கியது. கீழே: "இத்தனை வருடம் எழுதத் தெரியாமலே எழுதினார். இங்கே வந்துதான் பேனா பிடிக்கக் கற்றார்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த பரமு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார் இது? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்க கட்டுரையைக் காசு குடுத்துல்ல வாங்கிப் படிச்சேன். அப்ப நான் படிச்சதெல்லாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகம் டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

சுபைதாவின் அறைக்குப் போனார்.

"இதை என் பழைய பத்திரிகை ஆபீசுக்கும் அனுப்பிட்டீங்களா?"

"கவர் ஒட்டியாச்சு. தபால்ல சேர்க்கலை."

கோமதிநாயகம் பேனாவை எடுத்தார்.

"மறுப்பு ஒண்ணு எழுதித் தர்றேன். டிசம்பர் தாள்ல போட்டுடலாம்."

"டிசம்பர் போன வருஷமே அச்சாயிடுச்சு."

"அப்ப என்னதான் செய்ய?"

"பெட்டியைக் கட்டுங்க. கேமரா வேண்டாம்."

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் படகு ஏறிய அன்று, பனி மூடிக் கடல் வெள்ளையாக இருந்தது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. படகு நகர்கிறதா, தீவுதான் மிதந்து வருகிறதா என்றும் தெரியவில்லை. எதிரே ஒரு படகு சத்தமில்லாமல் கடந்தது. அதில் இரண்டு பெண்கள் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்குள் போய் மறைந்தார்கள்.

சுக்கானுக்குப் பக்கத்தில் ஆணியடித்து அந்தக் காலண்டர். அலைக்கு அலை செசிலியாவின் முகம் தலையாட்டியது.

"இந்தியாவிலை இருந்தோ?" என்றான் படகோட்டி மடுத்தீன். "மிசியின்ர கண்ணைத் திறந்த ஆக்கள் நீங்கள்தானோ?"

கோமதிநாயகம் எழுந்து தாளைக் கிழிக்கப் போனார்.

"கை வைக்காதீங்க" என்றார் சுபைதா.

தீவில் இறங்கியபோது செசிலியாவும் அதையே சொன்னார். "நீங்கள் கழட்டினா நான் மறைக்கிறன் எண்டுவினம், சேர். தொங்கட்டும்."

அவருடைய கிளினிக் ஒரே அறை. கழுவித் துடைத்த தரை. வெறும் பெஞ்சு. சுபைதா பெஞ்சில் உட்கார்ந்தார். கோமதிநாயகமும் உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. கடல் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பகல் எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே பெண்கள் நிழல்போல் போனார்கள். யாரும் திரும்பவில்லை.

"கோயில் மைக்குல நான் ரெண்டு நிமிஷம் பேசறேனே மேடம்."

"நீங்க அவங்களுக்காகப் பேசித்தானே இங்க வந்து உட்கார்ந்திருக்கோம்."

"அப்ப பேசவே கூடாதா?"

"கேட்டா பேசுங்க."

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் றெஜினா. சில வருடத்துக்கு முன் அவளுக்குப் பிரசவம் பார்த்தவர் செசிலியாதான். பிள்ளை தங்கவில்லை. காலண்டரைப் பார்த்து ஊரில் முதலில் வராமல் நின்றவள் அவள்தான். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நின்றார்கள்.

உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கலண்டர் வசனம் ஆர் எழுதினது?"

"நான்" என்றார் கோமதிநாயகம்.

"என்ர பிள்ளை செத்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியாமல் எழுதுவியளோ?"

அவர் சுபைதாவைப் பார்த்தார். சுபைதா அவருக்கு உதவவில்லை.

றெஜினா அவரை விட்டுவிட்டாள். செசிலியாவைப் பார்த்தாள்.

"மிசி, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லவேணும். அங்கை போய்ப் படிச்சதை நீங்கள் முந்தியே படிச்சிருந்தா, என்ர பிள்ளை இருந்திருக்குமோ?"

செசிலியா கையைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே காய்ந்திருந்த கை.

"அங்கை நான் பிள்ளைப்பேறு படிக்கேல்லை, றெஜினா. கரண்ட் இல்லாட்டி ஊசிமருந்தை எப்பிடிக் குளிராய் வைச்சிருக்கிறதெண்டு படிச்சன். அவ்வளவுதான்."

"அப்ப பிள்ளை?"

"தொப்புள்கொடி பிள்ளைக்கு முந்தி விழுந்திட்டுது. வயித்தை வெட்டித்தான் எடுக்கவேணும், பெரியாஸ்பத்திரியிலை. அண்டைக்குக் கடல் விடேல்லை." செசிலியா தன் கைகளைப் பார்த்தார். "இண்டைக்கு அப்பிடி வந்தாலும் இந்தக் கையாலை ஏலாது. அது பொய்யில்லை."

"இருட்டு எண்டு போட்டிருக்கே."

"அது என்ர சொல்லில்லை."

றெஜினா அழவில்லை. வாசலிலேயே குந்திவிட்டாள். வெள்ளை வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது.

"நீங்கள் அண்டைக்கு என்னோடை விடியும்வரை இருந்தனீங்கள்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "பிள்ளையைக் குளிப்பாட்டித் தந்தனீங்கள். வெந்நீரிலை."

"ஓம்."

"செத்த பிள்ளைக்கு ஆர் வெந்நீர் வைப்பினம்."

துறையில் படகு கிளம்பப்போகிற மணி அடித்தது.

றெஜினா சட்டென்று எழுந்தாள்.

"தங்கச்சி! அவளுக்கு இது மாசம். போட்டிலை ஏத்திவிட்டிட்டு வந்தனான்."

ஓடினாள். ஓடிய உருவம் வெள்ளைக்குள் கரைந்தது. குரல் மட்டும் வந்தது.

"மடுத்தீன், கயிறை அவிழ்க்காதை! எடியே மெற்றில்டா, இறங்கு! இறங்கெண்டுறன்!"

"ஏனக்கா? நீதானே போகச் சொன்னனீ?"

"நான்தான். இப்ப நான்தான் இறங்கச் சொல்லுறன். மற்ற ரெண்டு பேரும் என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? உங்களுக்கும் சேத்துத்தான்!"

"ரிக்கெற் காசு திருப்பித் தரமாட்டன்" என்றது மடுத்தீனின் குரல்.

"நீயே வைச்சிரு. கொஞ்சம் தள்ளி நில்."

தாள் கிழிகிற சத்தம் அவ்வளவு தூரம் கேட்க வழியில்லை. கோமதிநாயகத்துக்குக் கேட்டது.

பிறகு பனிக்குள்ளிருந்து உருவங்கள் வந்தன. மெதுவாக, வயிற்றைத் தாங்கிக்கொண்டு. முதலில் ஒரே உருவம்போல் இருந்தது. கிட்ட வரவர நாலு பேர் ஆயிற்று. கோமதிநாயகமும் சுபைதாவும் பெஞ்சிலிருந்து எழுந்து இடம் விட்டார்கள்.

மெற்றில்டா உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"மிசி, என்ர அக்காவுக்கு விசர் பிடிச்சிட்டுது."

"முதல்லை கையை நீட்டு. பிறஷர் பாப்பம்" என்றார் செசிலியா.

அன்று மாலையே கோமதிநாயகமும் சுபைதாவும் திரும்பினார்கள்.

படகில் அதே ஆணி. அதில் டிசம்பர். வேறு ஏதோ தேசத்துப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கோமதிநாயகம் எழுதிய இன்னொரு வரி. படித்தார். இன்னொரு முறை படித்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டார்.

மடுத்தீன் பார்த்தான். சுக்கானைத் திருப்பினான்.

தீவு பின்னால் போயிற்று. போயிற்றா, கரைந்ததா, தெரியவில்லை. தண்ணீரும் வானமும் மறுபடி ஒன்றாயின. சுபைதா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"மேடம், இந்த டிசம்பர் அம்மா ஊர் எங்க இருக்கு?"

"விசாரிங்க."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"ஆபீஸ்ல டைரக்டர் கேப்பாரு. தீவு விஷயத்தை யார் சரிபண்ணினதுன்னு. நம்ம பிரிவுன்னு சொல்லிடட்டுமா?"

சுபைதா கண்ணைத் திறக்கவில்லை.

"உங்க பேரைச் சொல்லட்டுமா?"

படகு போய்க்கொண்டிருந்தது.

"பின்ன யார் பேரை மேடம் சொல்ல?"

"றெஜினா."