மேல்தாள் கிழிச்ச பேப்பர்

கொம்பையா சாருக்கு வாத்தியார் வேலை கிடைச்சதே நாப்பது வயசுலதான். பத்தாம் கிளாஸ் பப்ளிக் பரீட்சைப் பேப்பர் திருத்த கேம்புக்கு வந்தது நாப்பத்தாறுல. அதுவும் முதல் தடவ. ஆனா கேட்டுல அவரு நுழைஞ்ச தோரணையப் பாத்தா, பரீட்சைன்னு ஒண்ண உலகத்துக்குக் கண்டுபிடிச்சுக் குடுத்ததே அவருதான்னு தோணும்.

அவரு உக்காந்த ரூமுக்கு சீஃப், ஜெசிந்தா டீச்சர். ஏழு பேரு செவப்பு மையில திருத்துறத அவங்க பச்ச மையில மறுபடி பாத்துக் கையெழுத்துப் போடணும். வயசுல கொம்பையா சாரவிட ரெண்டு சின்னவங்க. சர்வீஸ்ல பதினாறு பெரியவங்க.

பேச்சு ரொம்பக் கம்மி. யாராச்சும் சந்தேகம் கேட்டா முதல்ல கண்ணாடியக் கழத்தி முந்தானையில துடைப்பாங்க. துடைச்சு மாட்டுறதுக்குள்ள பாதிப் பேருக்கு பதில் தானா தெரிஞ்சிரும். மீதிப் பேருக்குக் கேள்வி மறந்துபோயிரும்.

கொம்பையா சாருக்கு ரெண்டும் நடக்கல. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"டீச்சர், பென்சில்ல மேப் வரைஞ்சிருக்கான், இடம் பேனாவுல குறிச்சிருக்கான். செல்லுமா?"

"டீச்சர், இந்தப் பிள்ள பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டிருக்கு. அது அடையாளம் காட்டுறதாகுமா?"

பக்கத்து நாற்காலி சற்குணம் சார் பேப்பர்ல இருந்து கண்ண எடுக்காமச் சொன்னாரு. "வே கொம்பையா, பிள்ளையாருக்கு மட்டும் மார்க் போட்டுறாதீரும். அவரு போன வருஷமே பாஸ்."

அன்னையிலருந்து ரூமுல கொம்பையா சாருக்கு 'சிஷ்யப்பிள்ள'ன்னு பேராயிட்டு. அவரு கோவிக்கல. டீச்சருக்கு டீயும் அவருதான் வாங்கிட்டு வந்து வச்சாரு.

ரெண்டாம் நாள் காலையில மைக்குல கேம்ப் ஆபீசர் இழுத்தாரு. "ஆ... ஆசிரியப் பெருமக்களே... ஆ... டோட்டல் போடும்போது... ஆ... கவனம்... கவனமின்மைக்கு விளக்கம்... ஆ... கேக்கப்படும்..." அவரு 'ஆ' போடுற ஒவ்வொரு தடவையும் ரூமுக்கு ஒரு ஆளு கொட்டாவி விட்டாங்க.

அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் கொம்பையா சார் தன்னோட பெரிய கேள்வியக் கேட்டாரு.

"டீச்சர், எனக்கு ஒண்ணு வெளங்கல. வருஷம் பூராவும் பிள்ள கூடவே கெடக்கறது வாத்தியார். அது சாப்பிட்டுச்சா, தூங்குச்சா, எந்தப் பாடத்துல தடுமாறும், எல்லாம் நமக்குத் தெரியும். ஆனா மார்க் போடுறது யாரு? பிள்ள மூஞ்சியையே பாக்காத போர்டு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புஸ்தகம், ஒரே கேள்வித்தாள், விடைய ஒத்துப் பாக்க ஒரே கீ. போதாக்குறைக்குப் பேரு இருக்கிற மேல்தாளயும் கிழிச்சு வச்சுக்கிட்டு, வெறும் நம்பர வேற மாவட்டத்துக்கு அனுப்புது. தெரிஞ்ச நம்மள விட்டுட்டுத் தெரியாத ஆளுகிட்ட எதுக்குப் பிள்ளையக் குடுக்கணும்?"

டீச்சர் கண்ணாடியக் கழத்துனாங்க. துடைச்சாங்க. மாட்டுனாங்க.

"இன்னும் பதிமூணு பேப்பர் இருக்கு சார். முடிச்சுட்டு வாங்க."

கொம்பையா சாருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு.

அவரு சும்மா கேக்கல. வீட்டுல அவரு மக முகிலாவும் இந்த வருஷம் பத்தாவது எழுதியிருக்கா. சோசியல் பரீட்சை முடிச்சுட்டு அன்னைக்கு மத்தியானம் வாசல்ல அவ செருப்பக்கூடக் கழத்தல, கேள்வித்தாளக் கையில வாங்கிட்டாரு. சோசியல்தான் அவரு பாடம். "இத எப்படி எழுதுன? அத எப்படி எழுதுன?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு, வாயாலயே திருத்தி, மார்க் போட்டு, கூட்டிச் சொன்னாரு.

"நாப்பத்தொண்ணு. அதுக்கு மேல ஒண்ணு வராது."

"ஏம்ப்பா? எல்லாம் கரெக்டாத்தான எழுதிருக்கேன்?"

"புஸ்தகத்துல உள்ளத எழுதச் சொன்னா உன் கதைய எழுதி வச்சிருக்க."

"புஸ்தகத்துல உள்ளதத்தாம்ப்பா எழுதிருக்கேன். என் வாயால."

"உன் வாய்க்கு எந்தப் போர்டும் மார்க் போடாது."

முகிலா உள்ள போய்க் கதவச் சாத்துனவதான். இருபத்தியோரு நாளாச்சு. 'அப்பா சாப்பிட வாங்க'ன்னு சொல்லணும்னாக்கூட அம்மாகிட்டச் சொல்லி அனுப்புதா. பயாலஜி குரூப் எடுக்கணும்னு அவளுக்கு ஆசை. நாப்பத்தொண்ண வச்சுக்கிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல போயி நிக்க? அந்த நாப்பத்தொண்ணு கொம்பையா சார் நெஞ்சுலயும் முள்ளாத்தான் குத்திக்கிட்டு இருந்துச்சு. ஆனா சொன்னத வாபஸ் வாங்க வாத்தியாருக்கு வருமா?

மூணாம் நாள் மத்தியானக் கட்டு. பதினஞ்சு பேப்பர். ஆறாவதத் திறந்தாரு. கை அப்படியே நின்னுபோச்சு.

சாய்ஞ்ச எழுத்து. 'ழ'வுக்கு எலி வாலு மாதிரி நீளமா ஒரு இழுப்பு. தலைப்புக்குக் கீழ ரெண்டு கோடு, ரெண்டாவது கோடு மட்டும் வளைஞ்சு. அவரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில வருஷம் பூராப் பாத்த எழுத்து.

மனசு சொல்லுச்சு: வேற மாவட்டத்துக்குல்லா போகும், இங்க எப்படி வரும்? மனசே பதிலும் சொல்லுச்சு: கட்டுறவனும் மனுஷன்தானே, மாத்திக் கட்டிருப்பான்.

பொது விநியோக முறை எப்படி நடக்குதுன்னு அஞ்சு மார்க் கேள்வி. அதுக்கு அந்தப் பிள்ள இப்படி எழுதியிருந்துச்சு:

'விவசாயிகளிடம் அரசாங்கம் நெல்லை வாங்கும். வாங்கியதை மழையில் நனையாமல் குடோனில் அடுக்கி வைக்கும். அங்கிருந்து அரிசியாக நம்ம தெருக் கடைக்கு லாரியில் வரும். எந்த கார்டுக்கு எவ்வளவு என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கும், அதன்படி தருவார்கள். கைரேகை விழாத பாட்டிகளுக்கு வரிசையில் நிற்கும் நாம்தான் எடுத்துப் பேச வேண்டும்.'

கைரேகை விழாத பாட்டி! ரேஷன் கடை வரிசையில பாட்டிக்காகச் சண்ட போட்டவதான முகிலா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? முகிலாவேதான்!

கொம்பையா சார் பேனாவ எடுத்தாரு. வச்சாரு. எடுத்தாரு. கடேசியில அந்தப் பதிலுக்கு நேரா உருண்டையா, அழுத்தமா, ஒரு முட்டையப் போட்டாரு. பேப்பர மூடி எடுத்துக்கிட்டு நேரா டீச்சர் மேசைக்குப் போனாரு.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. இது என் மக பேப்பரு."

ரூமுல ஏழு பேனாவும் நின்னுச்சு. ஃபேன் மட்டும் சுத்துச்சு.

"நான் ஒண்ணும் கூடப் போடல டீச்சர். சத்தியமா. இங்க பாருங்க, இதுக்கு முட்டைதான் போட்டிருக்கேன். இத வேற யாருகிட்டயாச்சும் குடுத்துருங்க. கேம்ப் ஆபீசர்கிட்ட எழுதிக் குடுக்கணும்னாலும் எழுதிக் குடுக்கேன்."

டீச்சர் பேப்பர வாங்குனாங்க. அவரு மூடுன பக்கத்துல நிக்கல. மேற்கொண்டு திருப்புனாங்க. ஒரு பக்கம். ரெண்டு பக்கம். மூணாவது பக்கத்துல நின்னு வாசிச்சாங்க. கண்ணாடியக் கழத்தித் துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே சொன்னாங்க.

"சார், செருப்பக் கழத்துங்க."

"என்ன டீச்சர்?"

"செருப்பு. கழத்துங்க."

சற்குணம் சார் மெதுவா, "சிஷ்யப்பிள்ளைக்கு அடி விழப் போகுது"ன்னாரு.

கொம்பையா சார் முழிச்சாரு. ஆனா ஒத்தக் காலுச் செருப்பக் கழத்துனாரு.

டீச்சர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி, அவரு கால உத்துப் பாத்தாங்க. "திரும்புங்க. குதிகாலத் தூக்குங்க."

நாப்பத்தாறு வயசு மனுஷன், ரூமே பாக்க, ஒத்தக் காலுல கொக்கு மாதிரி நின்னாரு.

"வெடிப்பு இல்லையே சார். நல்லா வழுவழுன்னுல்லா இருக்கு."

"எனக்கு எதுக்கு டீச்சர் வெடிப்பு?"

டீச்சர் பேப்பரத் திருப்பி அவரு பக்கம் நீட்டுனாங்க. கடற்கரைச் சமவெளி பத்தின கேள்வி. "வாசிங்க. சத்தமா."

கொம்பையா சார் வாசிச்சாரு. 'எங்க அப்பா வேலை பார்க்கும் உப்பளம் இந்தச் சமவெளியில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் நின்று அவர் குதிகால் வெள்ளையாக வெடித்திருக்கும்...'

பாதியில நின்னுட்டாரு.

"நீங்க எப்ப சார் உப்பளத்துக்கு மாறுனீங்க?" டீச்சர் கேட்டாங்க.

சற்குணம் சார்தான் முதல்ல வெடிச்சாரு. பெறகு ரூமே சிரிச்சுது. "வே, இனி டீயில உப்பு கிப்பு போட்டுக் கொண்டாந்துறாதீரும்!"

கொம்பையா சார் பக்கத்துல கெடந்த பெஞ்சுல அப்படியே உக்காந்துட்டாரு. ஒத்தக் காலுல செருப்பு, இன்னொண்ணு மேசைக்கடியில. நெஞ்சுல இருந்து ஒரு பெரிய மூச்சு வந்துச்சு. அடுத்தவங்க சிரிக்கிறது கூட அவருக்குக் காதுல விழல.

"அப்பாடா. என் மக இல்ல. எவன் பெத்த பிள்ளையோ."

"எவன் பெத்த பிள்ளையோதான்." டீச்சர் கீயை எடுத்து அவருகிட்டக் குடுத்தாங்க. "இப்பத் திருத்துங்க. நீங்க கீய வாசிங்க, நான் பேப்பர வாசிக்கேன்."

"கொள்முதல்," வாசிச்சாரு கொம்பையா சார்.

"'விவசாயிகளிடம் அரசாங்கம் நெல்லை வாங்கும்.'"

"...ஒண்ணு. சேமிப்பு."

"'மழையில் நனையாமல் குடோனில் அடுக்கி வைக்கும்.'"

"ரெண்டு. கடைகள் மூலம் விநியோகம்."

"'நம்ம தெருக் கடைக்கு லாரியில் வரும்.'"

"மூணு. அட்டை வகைப்படி அளவு."

"'எந்த கார்டுக்கு எவ்வளவு என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கும்.'"

"நாலு. மானிய விலை."

டீச்சர் ரெண்டு தடவ தேடுனாங்க. "விலை எழுதல. பாட்டி இருக்கு. பாட்டி கீயில இல்ல."

"அப்போ நாலு, டீச்சர்."

"நல்லாப் பாத்துக்கிடுங்க சார். புஸ்தகத்துல உள்ள வார்த்தையிலயே எழுதணும்னு கீயில எங்கயாச்சும் போட்டிருக்கா?"

கொம்பையா சார் கீய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. பின்பக்கம் திருப்பிப் பாத்தாரு. பின்பக்கம் வெறும் வெள்ளை.

"போடல டீச்சர்."

முட்டைய அடிச்சாரு. பக்கத்துல நாலு போட்டாரு. கையெழுத்துப் போட்டாரு. கையெழுத்து கொஞ்சம் கோணலா விழுந்துச்சு.

டீச்சர் பச்ச மைப் பேனாவத் திறந்தாங்க. ஆனா எழுதல.

"எவனோ பெத்த பிள்ளைக்கு நாலு."

"ஆமா டீச்சர்."

"உங்க பிள்ளைன்னு நெனைச்சப்ப?"

கொம்பையா சார் செருப்பத் தேடுற மாதிரி மேசைக்கடியில குனிஞ்சாரு. குனிஞ்சபடியே பதில் வந்துச்சு.

"தெரிஞ்ச பிள்ளைன்னா... கண்ணு பேப்பர்ல நிக்க மாட்டேங்குது டீச்சர். அவ முந்தாநாள் பேசுன பேச்சு, போன வருஷம் பண்ணுன கூத்து, எல்லாம் சேந்து வந்து நிக்குது. போதாததுக்கு, கூடப் போட்டா நாலு பேரு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாங்கன்னு ஒரு பயம் வேற."

டீச்சர் கையெழுத்துப் போட்டு, பேப்பர மூடி, கட்டுல சேத்தாங்க.

கொம்பையா சார் எந்திரிச்சாரு. ரெண்டு எட்டு போனாரு. திரும்பி வந்தாரு. குரலு ரூமுக்குக் கேக்காத அளவுக்கு எறங்கியிருந்துச்சு.

"டீச்சர், வீட்டுல அவளுக்கு வாயாலயே மார்க் போட்டுட்டேன். நாப்பத்தொண்ணுன்னு. இருபத்தியோரு நாளா பிள்ள எங்கூடப் பேசல."

"அது எந்தப் போர்டு சார்?"

கொம்பையா சார் சிரிச்சுக்கிட்டே கண்ணத் துடைச்சாரு.

"உங்க மக பேப்பர் இப்ப எங்க இருக்கும்?" டீச்சர் கேட்டாங்க.

"தெரியாது டீச்சர். ஏதோ ஒரு ஊருல. யாரோ ஒரு வாத்தியார் கையில."

"அவருக்கு உங்க மகளத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

ஜெசிந்தா டீச்சர் கண்ணாடியத் தொடக்கூட இல்ல.

"நல்லவேள," அப்படின்னாங்க.