முள் அசையாத நேரம்

குரு என்றால் தாடியும் காவியும் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. கொம்பையாவுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் வாய்த்த குருவின் பெயர் எஸ்தர். அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவள். கோவில்பட்டிக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் பட்டறை ஒன்றில் டெஸ்டிங் பிரிவு அவள் பொறுப்பு.

அதே பட்டறையில் கொம்பையா முப்பது வருஷம் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றியவர். காகிதம் சுற்றிய செம்புக் கம்பி அவர் கையில் ஒரு சுற்று கூடாது, ஒரு சுற்று குறையாது. கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆனபிறகு மெல்லிய கம்பி பிடிபடவில்லை. முதலாளி நல்ல மனுஷர். வீட்டுக்கு அனுப்பாமல் டெஸ்டிங்குக்கு அனுப்பினார்.

"வயசான காலத்துல ஒரு பொம்பளப் பிள்ளைகிட்ட பாடம் படிக்கியாக்கும்?" என்று கூட்டாளிகள் கிண்டல் பண்ணினார்கள்.

"தெரிஞ்சவங்ககிட்டதானே படிக்க முடியும்? உங்ககிட்ட என்னத்தப் படிக்க?" என்று கொம்பையா முடித்துவிட்டார். அவளை அவர் மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவர் டெஸ்டிங்குக்கு வந்த மூன்றாம் மாதம், அவர் மனைவி முப்பிடாதி இறந்துபோனாள். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கொம்பையா அழுத அழுகையைப் பார்த்துத் தெருவே வாயடைத்து நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது மகள் கோமதி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா இருந்தப்ப ஒரு நாளாவது அவ முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களாப்பா? இப்ப யாருக்குக் காட்ட இந்த அழுகை?"

அன்றிலிருந்து கொம்பையா யோசித்துப் பார்த்தார். கல்யாணமான புதிதில் கால் தரையில் பாவவில்லை, அது நிஜம். அப்புறம் முப்பத்தொரு வருஷம் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அவள் பேசினால் "ம்" என்றார். நெஞ்சு துள்ளிய ஒரு நாள்கூட ஞாபகத்தில் இல்லை. பாழாய்ப்போன மனசு இப்போது கிடந்து துடிக்கிறது. காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தூக்குவாளிக்காகக் கையைப் பின்னால் நீட்டியபடி நின்றிருக்கிறார். யாரும் தரவில்லை என்று உறைக்கவே கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோமதி அம்மாவின் சேலைகளை எடுத்துப்போக வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கொம்பையா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நீ சொன்னது சரிதான் தாயி, உள்ளே ஒன்றும் இருந்ததில்லை, அழுததெல்லாம் வேஷம் என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஒப்புக்கொண்டால் அவள் மறுபடி அந்த வாசலை மிதிக்கமாட்டாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை எஸ்தரிடம் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"இருந்தவரைக்கும் ஒண்ணுமே தோணலை. போனப்புறம் இப்படி அடிச்சுக்கிடுது. அப்ப இது வேஷம்தானே?"

கோமதி சொன்ன பேச்சு எஸ்தர் காதுக்கும் வந்திருந்தது.

"அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரை இப்படித் தள்ளிட்டு வாங்க," என்றாள்.

இன்னும் எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்காத டிரான்ஸ்பார்மர் அது. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி நிறுத்தியிருந்தது. அதைச் சுற்றித் தடித்த கம்பிக் காயில் ஒன்று. அதற்கு மேல் மெல்லிய கம்பிக் காயில் இன்னொன்று.

"ரெண்டு காயிலும் எங்கயாவது தொடுதா?"

"தொட்டா தொலைஞ்சோம். நடுவுல அட்டை இருக்கு, காகிதம் இருக்கு. எத்தனை ஆயிரம் வச்சிருப்பேன் நானு."

"அப்ப இதுல இருந்து அதுக்குக் கரண்ட் எப்படிப் போகுது?"

"இரும்புல காந்தம் ஏறி, அது வழியாப் போகுதும்பாங்க. நான் கண்டேனா?"

"யாரும் கண்டதில்ல. மீட்டர் முள்ளைத்தான் பார்க்கலாம்."

மெல்லிய கம்பிக் காயிலுக்கு ஒரு பேட்டரியையும் சுவிட்சையும் மாட்டினாள். தடித்த காயிலில் மீட்டரை மாட்டினாள். மீட்டரின் முள் நடுவில், பூஜ்யத்தில் நின்றது.

"சுவிட்சைப் போட்டுட்டு என்ன பாக்கிறீங்களோ சொல்லுங்க. சுவிட்சைத் தவிர வேற எதையும் தொடக்கூடாது."

கொம்பையா போட்டார். முள் வலப்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளியது. உடனே பூஜ்யத்துக்கு வந்து படுத்துவிட்டது.

"துள்ளிச்சு. அவ்வளவுதான், நின்னுட்டு."

"பாத்துக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு எஸ்தர் நோட்டை எடுக்க மேசைக்குப் போனாள்.

கொம்பையா பார்த்துக்கொண்டே இருந்தார். முள் அசையவில்லை. காயில் சுற்றுகிறவனுக்கு மீட்டர் சொல்லும் சேதி ஒன்றே ஒன்றுதான். முள் ஆடினால் கம்பி முழுசு, ஆடாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? பேட்டரி கிளிப் நழுவியிருக்கும் என்று நினைத்தார். ஒரு கையால் காயில் முனையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிளிப்பைப் பிடுங்கினார்.

அடுத்த நொடி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை வரைக்கும் விண்ணென்று தெறித்தது.

எஸ்தர் ஓடிவந்தாள். சுவிட்சை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? இந்த வயசுல எதுக்குண்ணே இந்த வேலை?"

"முள்ளு ஆடலையே மேடம். ஒண்ணும் ஓடலைன்னு நினைச்சேன்."

அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு எழுப்பி ஸ்டூலில் உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் மறுபடி மாட்டினாள். இந்த முறை பேட்டரி பக்கமும் ஒரு மீட்டரைச் சேர்த்து, சுவிட்சைத் தானே போட்டாள். தடித்த காயில் பக்க முள் துள்ளி அடங்கியது. பேட்டரி பக்க முள் மெல்ல ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது.

"இந்தப் பக்கம் பாருங்க. ஓடுதா?"

"ஓடுது."

"அந்தப் பக்கம்?"

"சும்மா கிடக்கு."

"அது அப்படித்தான். ரோட்டு லைன்ல வர்ற கரண்ட் நொடிக்கு அம்பது தடவை போய்ப் போய் வருது. அந்த ஆட்டம் இருக்கறதாலதான் அடுத்த காயிலுக்குத் தெரியுது, வீட்டுல பல்பு எரியுது. பேட்டரி கரண்ட் ஒரே சீரா ஓடும். சேரும்போது ஒரு தடவை முள்ளுக்குத் தெரியும். விட்டுப்போகும்போது ஒரு தடவை தெரியும்."

அவள் சுவிட்சை அணைத்தாள். முள் இடப்பக்கம் துள்ளியது.

கொம்பையா அந்த முள்ளையே பார்த்தார். அது திரும்பி வந்து நின்ற பிறகும் பார்த்தார்.

"பேட்டரி சின்னதுதானே மேடம். ஒரு பிள்ளைகூட தொடலாம். இந்த அடி அடிக்குமா?"

"பேட்டரி அடிக்கலண்ணே."

"பின்னே?"

"இரும்புல ஏறியிருந்த காந்தம். பிடுங்கினதும் போக்கிடம் இல்லாம உங்க கை வழியா இறங்கிடுச்சு."

கொம்பையாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. அழுவதற்கு அவருக்கு இப்போது வெட்கமாக இருக்கவில்லை.

"நாளைக்கு எம்மக வருவா," என்றார். "வந்து கேப்பா. முள்ளு சும்மாவே நின்னுச்சே, அத்தனை நேரமும் உள்ள என்னதான் இருந்துச்சுன்னு கேப்பா. நான் என்ன மேடம் சொல்ல?"

எஸ்தர் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"உங்களை அடிச்சது, முள்ளு அசையாத அந்த நேரமெல்லாம் உள்ள இருந்ததுதாண்ணே."